செருப்பு மிஸ்ஸிக்கு நாலு வரி

செய்தி கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஒரு ரோஜாப்பூ, எரிகிற விளக்கு, நடுவில் மிஸ்ஸி அந்தோணியம்மாளின் படம். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கே பிடித்தார்களோ தெரியவில்லை. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டு மூன்று முறைதான் இருக்கும். படத்துக்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அந்தக் கைகளில் பாதி, அவரைக் கோயில் வாசலிலிருந்து எழுப்பிவிட அன்று உயர்ந்த கைகள்.

நான் பல் துலக்கி முடிப்பதற்குள் கோயில் தலைவர் தொலைபேசியில் வந்துவிட்டார்.

"அண்ணே, கேள்விப்பட்டிருப்பீங்க. அடுத்த மாசம் ஜொகூர் பாருல விருது விழா இருக்குல்ல, மலர் அச்சுக்குப் போகப்போகுது. மிஸ்ஸியைப் பத்தி நாலு வரி எழுதிக் கொடுங்க. நம்ம நல்வாழ்வுப் பிரிவோட சேந்து அவங்க செஞ்ச சேவையைப் பத்தி. உங்க தமிழ்தான் நல்லா இருக்கும்."

சமூக நல்வாழ்வுக்கும் நோய்த் தடுப்புக்கும் மாநில அளவில் கொடுக்கிற விருது அது. இந்த ஆண்டு எங்கள் கோயிலின் நல்வாழ்வுப் பிரிவுக்குக் கிடைத்திருக்கிறது. நான் அந்தக் கோயிலுக்குப் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவன். தபால் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நாலு வரி எழுத உட்கார்ந்தேன், கை நிற்கவில்லை. மலரில் இதைப் போடமாட்டார்கள் என்று தெரியும். அதனால்தான் மிஸ்ஸியை அறிந்த உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கோயிலின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதப்போவதில்லை. குளுவாங்கிலிருந்து செம்பனைத் தோட்டங்களுக்குள்ளே புகுந்து போனால் வரும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தங்கள் ஊர்க் கோயிலை நினைத்துக்கொண்டு படிக்கலாம், பெரிய வித்தியாசம் இராது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிஸ்ஸியைப் பிடிக்காது. அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நம் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுகிறோம். குரல் கரகரவென்று இருக்கும். மாமியார், மருமகள், ஐயர், தலைவர் என்று பார்க்கமாட்டார், நாலு பேர் முன்னால் வைத்துத்தான் கேட்பார். வெள்ளிக்கிழமை தவறாமல், ஞாயிற்றுக்கிழமை தன் மாதா கோயிலுக்குப் போவதைவிட ஒழுங்காக, எங்கள் கோயிலுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். செருப்பு விடுகிற இடத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். அதனால் ஊரில் அவருக்குச் செருப்பு மிஸ்ஸி என்று பெயர்.

ஏன் இங்கே வந்து உட்காருகிறீர்கள் என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"கிளினிக்ல பத்து பேர்ல ஒருத்தன்தான் சப்பாத்தைக் கழட்டுவான், அதுவும் நான் கத்தினாத்தான். இங்க நான் சொல்லாமலே எல்லாரும் கழட்டுறீங்க லா. வேற எங்க போய் உட்காரச் சொல்றீங்க?"

அவர் பார்த்தது கால்களை. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும், முள் குத்தினாலும் தெரியாது, புண் வைத்தாலும் தெரியாது, தெரியும்போது கால் போயிருக்கும். இதை நமக்கு எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள், கூட்டம் போட்டு கறிபப்பும் தே தாரிக்கும் கொடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மிஸ்ஸி சொல்லவில்லை, உட்கார்ந்து பார்த்தார். கழற்றிப் போட்ட செருப்பைக் குனிந்து பார்ப்பார். உள்ளே கறை இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, அடியில் ஆணி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு ஐஸ்கிரீம் குச்சியின் நுனியில் தூண்டில் நரம்பை ஒட்டி வைத்திருப்பார். சந்தேகம் வந்தால் ஆளை உட்காரவைத்து, "கண்ணை மூடு. தொடும்போது சொல்லு" என்பார். சிலர் கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடியே இருப்பார்கள். மிஸ்ஸி தொட்டு முடித்துக் குச்சியைப் பையில் வைத்திருப்பார்.

எங்கள் கோயில் வாசலுக்கும் மண்டபத்துக்கும் நடுவே அகலமான சிமெண்டுத் தரை. பகல் பூசை நேரத்தில் அது தோசைக்கல்தான். எல்லோரும் ஐயோ அம்மா என்று குதித்துக் குதித்துத்தான் ஓடுவோம். மிஸ்ஸி அந்த நேரத்துக்காகவே காத்திருப்பார். குதிக்கிறவர்களை விட்டுவிடுவார். குதிக்காமல் நிதானமாக நடந்து போகிறவரைத்தான் கூப்பிடுவார். "வலிக்குதுன்னு வர்றவனைப் பத்தி எனக்குக் கவலையில்ல, அவனை டாக்டர் பாத்துக்குவாரு. வலிக்கலன்னு சொல்றவனைத்தான் நான் தேடுறேன்" என்று அடிக்கடி சொல்வார்.

அப்படி நிதானமாக நடந்தவர்களில் ஒருவர் முனியாண்டி அண்ணன். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். தீமிதித் திருவிழாவில் அவர்தான் எங்கள் கோயிலின் பெருமை. மற்றவர்கள் பூக்குழியில் நாலே எட்டில் ஓடிக் கடக்கும்போது, அவர் குழந்தையைத் தாலாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி நடப்பார். ஒருமுறை நடந்தது போதாமல் திரும்ப வந்து இன்னொருமுறை இறங்குவார். பெண்கள் அவர் காலில் விழுந்து கும்பிடுவார்கள். தலைவர் ஒலிபெருக்கியில், "பாருங்கள், இதுதான் பக்தி" என்பார்.

மிஸ்ஸி ஒரு வெள்ளிக்கிழமை முனியாண்டி அண்ணனைக் கண்ணை மூடச் சொன்னார். பிறகு நேராக அலுவலக அறைக்கு வந்தார். தலைவரும் நானும் இன்னும் சிலரும் இருந்தோம்.

"அந்த ஆளுக்கு ரெண்டு கால்லயும் உணர்ச்சி இல்ல. அவரை நெருப்புல இறக்காதீங்க. நான் தீமிதியை நிறுத்தச் சொல்லல. காப்புக் கட்டுறதுக்கு முன்னாடி எல்லார் காலையும் நான் ஒரு தடவ பாத்துடுறேன். காப்புக் கட்டிட்டா உங்க யாருக்கும் வேணாம்னு சொல்ல வாய் வராது."

அவர் சொன்னது சரி. காப்புக் கட்டிய பிறகு ஒருவரைத் திருப்பி அனுப்புவது எங்களிடம் கிடையாது. கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் அவர் சாமியின் ஆள். அதனால் பார்ப்பதானால் அதற்கு முன்னால்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு எளிமையான விஷயத்துக்கு எங்கள் அறையில் கிடைத்த பதில், "வேதக்கார அம்மாவுக்கு நம்ம சாமி விஷயத்துல என்ன வேலை?" என்பது. சொன்னவர் தலைவர். நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, கடிதம் ஒன்றும் எழுதினேன். "ஆலயத்தின் தூய்மையையும் பக்தர்களின் மனநிம்மதியையும் கருதி, தாங்கள் காலணி வைக்கும் இடத்தில் அமர்வதைத் தவிர்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." இப்போது படித்தாலும் பிழை இல்லாத தமிழ். அதைத் தட்டச்சு செய்த விரல்களை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மிஸ்ஸி கடிதத்தை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே படித்தார்.

"தவிர்க்குமாறுன்னா எந்திரிக்கணும், அதானே?" என்றார். எழுந்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், கோயில் வேலிக்கு வெளியே ஓடும் சாக்கடையை, அந்த லோங்கானைத் தாண்டி, சாலையோரத்தில் போட்டார். "இது உங்க சாமி எடமில்ல, கவர்மெண்ட் எடம். இங்க உட்காரலாம்ல?"

அந்த ஆண்டும் முனியாண்டி அண்ணனுக்குக் காப்புக் கட்டினோம். அந்த ஆண்டும் அவர் நிதானமாக நடந்தார். லோங்கானுக்கு அந்தப் பக்கம் மிஸ்ஸி நின்றிருந்தார். முனியாண்டி அண்ணன் இரண்டாம் முறை இறங்கியபோது மிஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

முனியாண்டி அண்ணன் வெந்த காலில் திருநீறும் மஞ்சளும் அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு லாரி ஓட்டப் போயிருக்கிறார். வாடை வந்த பிறகுதான் வீட்டில் கண்டுபிடித்தார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கோயிலில் கூட்டம் போட்டோம். அந்தக் கூட்டத்தில் தலைவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "விரதத்துல ஏதோ குறை வச்சிருக்காரு. இல்லன்னா அம்மா காப்பாத்தியிருப்பா." எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டக் குறிப்பில் அதையும் நான்தான் எழுதினேன். காலை இழந்த மனிதனின் தலையில் பழியையும் தூக்கி வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

மருத்துவமனைக்கு அவரைப் பார்க்கப் போனேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று பெரிய டின் மைலோவும் இனிப்பு பிஸ்கட்டும் வாங்கிப் போனேன். இனிப்பு நீரில் காலை எடுத்தவருக்கு! நம்மவர்களுக்கு மட்டுமே வரும் அறிவு இது. கட்டிலுக்குப் பக்கத்தில் மிஸ்ஸி உட்கார்ந்திருந்தார். முனியாண்டி அண்ணன் அழுதுகொண்டிருந்தார். கூட்டத்தில் பேசியது அவர் காதுக்கு வந்துவிட்டது.

"மிஸ்ஸி, நான் ஒரு நாள் மீன் தொடல. தரையிலதான் படுத்தேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியலயே மிஸ்ஸி."

"நீ ஒரு தப்பும் பண்ணல. உன் விரதம் சுத்தம். உன் கால்தான் செத்துப்போயிருந்துச்சு. அத இவங்ககிட்ட சொன்னேன், உன்கிட்ட அடிச்சுச் சொல்லாம விட்டுட்டேன். அது என் தப்பு."

இவங்ககிட்ட என்றபோது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு என் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே பார்த்தார். "அலமாக்! இத நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "வேணாம், உங்களுக்கும் ஆகாது" என்று பையைத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிழவிக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலிலிருந்து காரில் வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். மிஸ்ஸி தன் பழைய கப்சாயைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கையில் ஒரு செருப்போடு வந்தார். என் பழுப்புத் தோல் செருப்பு, இடது கால்.

"வாசல்ல ஒருத்தர் தன்னோட செருப்பைக் காணோம்னு சத்தம் போட்டாரு. மிச்சம் கெடந்தது இதுதான். உங்களுது ஒம்போது நம்பர். நீங்க போட்டுட்டு வந்தது ஏழு. வலிக்கலயா?"

என் வீட்டு வாசலைப் பார்த்தேன். வலதில் என் செருப்பும், இடதில் யாரோ ஒருவருடைய சின்னச் செருப்பும் கிடந்தன. அந்தச் சின்னச் செருப்பில் காலை நுழைத்து, நடந்து, கார் ஓட்டி, இறங்கி வந்திருக்கிறேன். வார் அழுத்திய இடத்தில் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

நான் எழுதிய கடிதத்தால் எழுந்து போன அதே மனுஷி என் வீட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரலிடுக்கில் எனக்கே தெரியாமல் இருந்த பழைய புண்ணைக் கண்டுபிடித்தார். கையோடு என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் முனியாண்டி அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில்தான் என்றார் டாக்டர். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். மிஸ்ஸி பேசவிடவில்லை. "கடுதாசி நல்லா எழுதியிருந்தீங்க. கையெழுத்துகூட அழகு" என்றார். நான் முதன்முதலில் பார்த்த அவருடைய சிரிப்பு அதுதான்.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். விட்டது ஒன்றும் வீரம் இல்லை; காலில் கட்டோடு கூட்டத்துக்குப் போக வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு காலம் மாறியது. நல்வாழ்வு, தடுப்பு என்பவை செய்தித்தாளில் படம் வருகிற சொற்களாகிவிட்டன. எங்கள் கோயிலும் நல்வாழ்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. மஞ்சள் டீசட்டை அடித்தார்கள். தீமிதிக்கு இறங்குகிறவர்களுக்கு இலவசக் கால் பரிசோதனை என்று பதாகை கட்டி, மிஸ்ஸியையும் கூப்பிட்டார்கள். அவர் மானம் ரோஷம் பார்க்காமல் ஸ்டூலோடு போனார். போய்ப் பார்த்தால், பரிசோதனை திருவிழா அன்று, மேடையில், சிறப்பு விருந்தினர் முன்னிலையில்! காப்புக் கட்டி, விரதம் முடிந்து, முழங்கால்வரை மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கிறார்கள். மஞ்சளுக்கு அடியில் புண் இருந்தால் யாருக்குத் தெரியும்?

"மஞ்சளைக் கழுவுங்க" என்றார் மிஸ்ஸி.

"நேரமாச்சு மிஸ்ஸி, டத்தோ வந்துட்டாரு. சும்மா ஒரு காலைப் பிடிச்ச மாதிரி இருங்க, படம் எடுத்துக்கட்டும்" என்றார் தலைவர்.

மிஸ்ஸி ஒரு காலைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்த அந்தப் படம்தான் விருது விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதன்பிறகு ஆண்டுதோறும் அப்படித்தான் நடக்கிறது. மஞ்சள் காலைப் பிடித்து ஒரு படம், பிறகு நெருப்பு. இந்த வேலைக்குத்தான் விருது. காப்புக்கு முன்னால் ஒரு காலையாவது இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. மிஸ்ஸி லோங்கானுக்கு அந்தப் பக்கம் தன் வெள்ளிக்கிழமைகளைத் தொடர்ந்தார். அங்கே அவர் எத்தனை பேரின் காலைக் காப்பாற்றினார் என்று எந்த விண்ணப்பத்திலும் இல்லை.

இறுதிச் சடங்கு மாதா கோயிலில் நடந்தது. தலைவர் பொன்னாடையோடு வந்திருந்தார். உயிரோடு இருந்தபோது லோங்கானைத் தாண்டி ஒரு குவளைத் தண்ணீர் அனுப்பாதவர், சவப்பெட்டியின் மேல் சரிகைப் பொன்னாடையை விரித்துவிட்டு, படம் எடுக்கிறவர் வரும்வரை கையை எடுக்காமல் நின்றார்.

அதற்குப் பிறகு முனியாண்டி அண்ணன் ஊன்றுகோலோடு வந்தார். கடையில் ஒற்றைச் செருப்பு விற்கமாட்டார்கள். அவர் ஜோடியாக வாங்கி, வலது செருப்பை ஒவ்வொரு முறையும் மிஸ்ஸியிடம் கொடுத்துவிடுவார். மிஸ்ஸி அதைத் தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். இது யாருடையது, புதுசாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால் கதையைச் சொல்லுவார். அன்றைக்கும் முனியாண்டி அண்ணன் ஒரு புது வலது செருப்பைக் கொண்டுவந்திருந்தார். பெட்டியின் கால்மாட்டில், தரையில், மெதுவாகக் குனிந்து வைத்தார். தலைவரோடு வந்த ஒருவர், "சாவுல செருப்பா, சூசா லா இந்த ஆளோட, ஒரே தொல்லை" என்று முணுமுணுத்து அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார். நான் எடுத்துத் திரும்ப வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

மிஸ்ஸியின் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தவர் அந்தச் சிவப்பு ஸ்டூலை என்னிடம் கொடுத்தார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நான் அதைக் கொண்டுபோய் லோங்கானுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு மருத்துவம் தெரியாது. குதிக்கிறார்களா இல்லையா என்று பார்க்கத் தெரியும்.

பகல் பூசை நேரம். வெயில் கொளுத்தியது. எல்லோரும் குதித்து ஓடினார்கள். தலைவர் காரிலிருந்து இறங்கினார், செருப்பைக் கழற்றினார், தொலைபேசி வந்தது. சிமெண்டுத் தரையின் நடுவில் நின்று பேச ஆரம்பித்தார். விருந்துக்கு எத்தனை மேசை, யார் எங்கே உட்காருவது என்று பேச்சு. ஒரு காலை மாற்றவில்லை. ஒரு விரலைத் தூக்கவில்லை. வெகுநேரம் அப்படியே நின்று பேசினார், வேப்பமர நிழலில் நிற்பது மாதிரி.

உண்மையை எழுதுகிறேன். சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றியது. பேசாமல் ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், முனியாண்டி அண்ணனின் விரதத்தில் குறை கண்டவருக்கு அவருடைய சாமியே சொல்லட்டும் என்று தோன்றியது. நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ஏழாம் நம்பர் செருப்பு ஞாபகம் வந்தது. கடிதம் எழுதியவன் வீட்டைத் தேடி அவர் வராமல் இருந்திருக்கலாம், வந்தார். எழுந்து உள்ளே போனேன்.

"தலைவரே, கால் சுடலயா?"

"இல்லையேண்ணே. பழகிருச்சு. அம்மா அருள்" என்று சிரித்துவிட்டு மண்டபத்துக்குள் போனார்.

மிஸ்ஸியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை எட்டு கால்விரல்கள், ஒரு சிவப்பு ஸ்டூல், நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்கிற கெட்ட பழக்கம். அந்த மூன்றாவதை இங்கே பயன்படுத்திக்கொள்கிறேன். தலைவரே, நாலு வரி கேட்டீர்கள்.

திங்கட்கிழமை காலையில் கிளினிக்குக்குப் போய் இரண்டு கால்களையும் காட்டுங்கள்.
இந்த ஆண்டு காப்புக் கட்டுவதற்கு முன்னால், மஞ்சள் இல்லாத காலை, வரிசையாக எல்லோருக்கும் பாருங்கள்.
முனியாண்டி அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் விரதத்தில் குறை இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.
வலிக்கவில்லை என்று நீங்கள் சொன்னதால்தான் இதை எழுதினேன்.